கவச உடைக் கணக்கில் வராத அறுவை அரங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை பற்றிய செய்திகளில் பாதிக்கு மேல் கவச உடைக் கணக்காகத்தான் இருக்கின்றன. எத்தனை வந்தது, எத்தனை போதவில்லை, எந்தக் கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது என்று. கூடவே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில் மூடிக்கொண்டு நிற்பவர்களின் படம். உடை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூச்சின் வழியே பரவும் நோயில், அறுவை அரங்குக்குள் யாருக்குத் தொற்றும், யார் தப்புவார் என்பது உடையின் தடிமனைவிட அந்த அறையின் காற்று, கதவு, கடிகாரம், ஒவ்வொரு வேலையையும் செய்யும் வரிசை ஆகியவற்றால்தான் அதிகம் முடிவாகிறது. அரங்கில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதை விளக்க நினைக்கிறோம்.

காற்றிலிருந்தே தொடங்கலாம். அறுவை அரங்கு புண்ணைக் காப்பதற்காகக் கட்டப்பட்ட அறை. வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் கதவிடுக்கு வழியே காற்று எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நடைவழியின் தூசியும் கிருமியும் உள்ளே வராது. சாதாரண நாளில் இது நல்ல ஏற்பாடு. படுத்திருப்பவரின் நுரையீரலில் தொற்று இருந்தால் இதே ஏற்பாடு அவர் மூச்சை நடைவழிக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர் சாதாரண துணி மாஸ்க்கோடு நின்றுகொண்டிருப்பார்.

அறையின் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது அடுத்த கணக்கு. நல்ல அரங்கில் 20 முறை மாறும். அப்படியென்றால் மூன்று நிமிடத்தில் பழைய காற்று முழுக்கப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. புதுக்காற்று பழையதோடு கலந்துதான் வெளியேறுகிறது. ஒரு சுற்று முடிந்தாலும் மிதக்கும் துகள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே இருக்கும். மணிக்கு 20 மாற்றம் இருந்தால் 99 சதவீதம் நீங்க 14 நிமிடம், 99.9 சதவீதம் நீங்க 21 நிமிடம் ஆகும். 12 மாற்றம் என்றால் 23, 35 நிமிடங்கள். 6 மாற்றம்தான் என்றால் 46, 69 நிமிடங்கள். மயக்கத்தில் மூச்சு கொடுக்கத் தொண்டைக்குள் செலுத்திய குழாயை எடுத்த பிறகு துப்புரவு ஊழியரை எப்போது உள்ளே அனுப்பலாம் என்பதை இந்த எண்கள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அடுத்த கேஸின் அவசரம்தான் சொல்கிறது.

இந்த எண்களும் காற்று தடையின்றிக் கலந்தால்தான் பொருந்தும். அரங்கின் மூலையில், தரைக்கு அருகே, காற்றை வெளியே இழுக்கும் கம்பித் தடுப்பு இருக்கும். இடப்பற்றாக்குறையில் அதன் முன்னால் ஒரு டிராலியை நிறுத்தியிருப்பார்கள். சில இடங்களில் சலைன் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். எந்திரம் தன் போக்கில் ஓடும், அந்த மூலையில் காற்று தேங்கியே நிற்கும். பணம் செலவழிக்காமல் சரிசெய்யக்கூடிய குறை இதைவிட வேறில்லை.

சிறிய மருத்துவமனைகளில் சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசியோடு அரங்கு நடக்கிறது. அது அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். புதுக்காற்று கொஞ்சமும் சேர்க்காது. அங்கே நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த, நகர்த்தக்கூடிய எந்திரம் உதவும், அளவு பார்த்து வைத்தால். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 108 கன மீட்டர். மணிக்கு 650 கன மீட்டர் இழுக்கும் எந்திரம் ஒன்று அங்கே சுமார் 6 மாற்றம் தரும். 12 வேண்டுமானால் இரண்டு வேண்டும். நோயாளியின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதன் காற்று அறுவை நடக்கும் இடத்தின் மேல் வீசக் கூடாது.

தொற்றுப் பயத்தில் அரங்கின் காற்றோட்டத்தையே நிறுத்திவிடுவதும் நடக்கிறது. இது தவறு. துகள்கள் வெளியேற வழியின்றி மிதக்கும், புண்ணுக்கு இருந்த காப்பும் போய்விடும், கவச உடைக்குள் இருப்பவர்கள் வியர்வையில் நனைந்து முகத்தைத் தொடத் தொடங்குவார்கள். உள்ளே வரும் காற்றை மட்டும் நிறுத்தி எதிர்மறை அழுத்தம், அதாவது வெளியைவிட உள்ளே குறைந்த அழுத்தம், உண்டாக்குகிறோம் என்பதும் அரைகுறை வேலைதான். நடைவழியின் வடிகட்டாத காற்று திறந்த வயிற்றின் மேல் வந்து விழும். அழுத்தத்தை மாற்றுவது பொறியாளரின் கணக்கு. அது முடியாத இடத்தில் காற்றோட்டத்தை அப்படியே ஓடவிட்டு, அரங்குக்கு வெளியே உள்ள முன்னறையிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றலாம். கதவை மூடியே வைப்பது எல்லா இடத்திலும் முடியும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் குலைகிறது. மறந்துபோன தையல் நூலை எடுக்க ஒருவர் போய்வந்தால் இரண்டு முறை. எனவே மருந்து, நூல், கருவி எல்லாம் முன்கூட்டி எண்ணி உள்ளே வைக்க வேண்டும். வெளியே ஒரு செவிலியர் தயாராக நிற்க வேண்டும். கேஸ் ஷீட்டும் செல்போனும் உள்ளே போகவே கூடாது.

செய்தியாளர்கள் நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும்போது, அரங்கில் மணிக்கு எத்தனை காற்று மாற்றம், கடைசியாக அளந்தது எப்போது என்றும் கேட்கலாம். பதில் வரும் வேகத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனி மயக்கம் கொடுக்கும் நேரம். 2003-இல் முடிந்த சார்ஸ் என்ற மூச்சுத்தொற்றின் பரவலில் நோய் கண்ட 8,096 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். தொண்டைக்குள் குழாய் செலுத்துவதில் ஈடுபட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம் என்று அப்போதைய ஆய்வுகள் காட்டின. கோவிட் காலத்தில் அரங்கிலேயே துகள்களை எண்ணிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. முழு மயக்கத்தில், தசைகள் தளர்ந்த நிலையில் குழாய் செலுத்தும்போது கிளம்பும் துகள்கள் ஒரு சாதாரண இருமலில் கிளம்புவதைவிட மிகக் குறைவு. குழாயை எடுக்கும்போது நோயாளி இருமுவதால், செலுத்தும்போது கிளம்புவதைவிடக் கூடும். ஆக உண்மையான எதிரி இருமல். குழாய் செலுத்துபவருக்கு மட்டும் என்95, வார்டில் இருமிக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் நிற்கும் செவிலியருக்குச் சாதாரண மாஸ்க் என்று பங்கிடும் வழக்கம் இதனால்தான் எங்களுக்கு ஏற்பில்லை.

இருமல் வராமல் செய்வதற்கு வரிசை முக்கியம். இறுக்கமாக அமர்ந்த மாஸ்க் வழியே மூன்று முதல் ஐந்து நிமிடம் நூறு சதவீத ஆக்சிஜன். மாஸ்க்குக்கும் எந்திரக் குழாய்க்கும் நடுவில் வைரஸ் வடிகட்டி. மாஸ்க்கை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மற்றவர் எந்திரத்தைப் பார்க்க வேண்டும். தசைத்தளர்வு மருந்து தயக்கமில்லாத அளவில் போக வேண்டும். ராக்குரோனியம் என்றால் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். அது முழுதாக வேலை செய்யும்வரை, சுமார் ஒரு நிமிடம், மூச்சு கொடுக்கும் பையை அழுத்தாமல் பொறுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் நிற்பவர்களுக்கு மிக நீளமாகத் தெரியும், கை தானாகப் பைக்குப் போகும். தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லேரிங்கோஸ்கோப் இருந்தால் முகத்தை நோயாளியின் வாயருகே கொண்டுபோக வேண்டியதில்லை. இருப்பவர்களில் கை தேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். பயிற்சி மருத்துவருக்குக் கற்றுத்தர இது நேரமல்ல.

குழாய் உள்ளே போனதும் பல இடங்களில் தவறுவது ஒரு சின்ன விஷயத்தில். குழாயின் நுனியில் உள்ள காற்றுப்பையை ஊதி மூச்சுக்குழாயை அடைத்த பிறகுதான் எந்திரத்தை இணைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பதற்றத்தில் முதலில் மூச்சு, பிறகு காற்றுப்பை என்று மாறிவிட்டால் முதல் இரண்டு மூன்று மூச்சும் குழாயின் பக்கவாட்டில் பீறிட்டு நேராகச் செய்பவரின் முகத்துக்கு வரும். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை, நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவின் அலைக்கோடு திரையில் காட்டும். கவசத்துக்குள் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடிச் செருக வேண்டாம். வாயு மாதிரி எடுக்கும் மெல்லிய குழாய் வடிகட்டிக்கு எந்திரப் பக்கத்தில் இருக்க வேண்டும், நோயாளிப் பக்கத்தில் அல்ல. இடையில் எதையாவது கழற்ற நேர்ந்தால் வாயு ஓட்டத்தை நிறுத்தி, குழாயைக் கிளாம்ப் போட்டு, வடிகட்டி நோயாளியின் குழாயோடு இருக்கும்படி அதற்கு அப்பால் கழற்ற வேண்டும்.

2020-இல் கண்ணாடிப் பெட்டி போன்ற ஒன்று நோயாளியின் தலைமேல் வைக்கப் பிரபலமானது, நினைவிருக்கலாம். பலர் நன்கொடையாகச் செய்தும் கொடுத்தார்கள். நல்ல மனது, மோசமான கருவி. கையின் அசைவைக் கட்டிப்போட்டுக் குழாய் போடும் நேரத்தை நீட்டியது. உள்ளே சேர்ந்த காற்று கை நுழையும் துளைகள் வழியே செய்பவரை நோக்கியே வந்தது. காற்றை இழுக்கும் வசதியில்லாத இத்தகைய பெட்டிகளுக்குத் தந்திருந்த அவசர அனுமதியை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் விலக்கிக்கொண்டது.

முடிகிற இடத்தில் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தோ, நரம்பை மட்டும் மரக்கச் செய்தோ அறுவையை முடிப்பது இந்தச் சிக்கல் முழுவதையும் தவிர்க்கும். அப்போது நோயாளி தன் மாஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஆக்சிஜன் குழாயை அதற்கு அடியிலேயே வைக்கலாம்.

முகக்கவசத்துக்கு வருவோம். என்95 என்ற பெயரிலுள்ள 95, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் துணி தடுக்கும் என்பதைச் சொல்கிறது. துணியைச் சுற்றிப் போகும் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒரே மாடலை எல்லோருக்கும் வாங்கினால் சிறிய முகமுள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண் ஊழியர்கள் பலருக்கு, தாடையோரம் இடைவெளி விழும். அதனால் கசப்பு அல்லது இனிப்புக் கரைசலைத் தலைமூடிக்குள் தெளித்துச் சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையை ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் செய்ய வேண்டும். கவசம் உட்காரும் கோட்டில் தாடி இருந்தால் எந்த மாடலும் ஒட்டாது. இது தவிர, அணியும் ஒவ்வொரு முறையும் இரு கையாலும் மூடி ஊதியும் இழுத்தும் பார்க்க வேண்டும். பத்து விநாடிகூட ஆகாது.

கண்ணாடியில் ஆவி படிவதை எல்லோரும் தொல்லை என்றுதான் சொல்வார்கள். அது ஓர் எச்சரிக்கையும்கூட. மூக்குத்தண்டின் மேல் உலோகப் பட்டை சரியாக அழுந்தவில்லை, மூச்சு மேல் வழியாகக் கசிகிறது என்று பொருள். கண்ணாடிக்குச் சோப்பு தடவுவதற்கு முன் பட்டையை இரண்டு விரலால், இரு பக்கமும் ஒரே நேரத்தில், மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இன்னும் பெரிய இடைவெளி விழும்.

வால்வு வைத்த கவசம் அணிபவரைக் காக்கும்; அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே திறந்த புண்ணின் மேல் இறங்கும். அரங்கில் அது வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் மேலே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க். தட்டுப்பாட்டில் என்95-ஐச் சோப்புப் போட்டுத் துவைப்பதும் ஸ்பிரிட் தெளிப்பதும் இன்னொரு பொறி. அதன் நடு அடுக்கிலுள்ள இழைகள் மின்னேற்றத்தால்தான் நுண்துகள்களைப் பிடிக்கின்றன. ஆல்கஹால் பட்டால் அந்த ஏற்றம் போய்விடும். கவசம் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், வேலை செய்யாது. மீண்டும் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒருவருக்கு ஐந்து கவசம் கொடுத்து, பெயரெழுதிய காகித உறையில் போட்டுச் சுழற்சியில் எடுப்பது மேல். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் காயாது.

உடையைக் கழற்றும் இடத்தில்தான் நன்றாகப் பழகியவர்களும் தவறுகிறார்கள். மூன்று மணிநேரம் நின்று, வியர்த்து, தாகத்தோடு வெளியே வருபவருக்கு எல்லாவற்றையும் பிய்த்தெறியத் தோன்றும். வரிசை இது: வெளிக் கையுறை, பிறகு கவுனை உட்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றுதல், உள் கையுறை, கைத்தேய்ப்பு, கண் கவசம் பின்பக்கமிருந்து, மறுபடி கைத்தேய்ப்பு, அரங்குக்கு வெளியே வந்த பின் கடைசியாக முகக்கவசம், அதன் கீழ்ப்பட்டை முதலில், மேல்பட்டை அடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல். திரும்பவும் கைத்தேய்ப்பு. ஒவ்வொரு கைத்தேய்ப்பும் 20 முதல் 30 விநாடி, கை முழுதும் நனையும் அளவு திரவத்தோடு. இரண்டு சொட்டு போட்டு ஊதிக் காயவைப்பதெல்லாம் கணக்கில் வராது. எதிரே ஒருவர் நின்று பட்டியலைப் படித்து, அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். கழற்றுபவர் தன் நினைவை நம்பக் கூடாது. முழு உடலை மூடும் சூட்டைவிட நீண்ட கவுனும் கழுத்துவரை வரும் தலைமூடியும் கழற்ற எளிது, ஆகவே பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து. புகைப்படத்துக்கு சூட்தான் எடுப்பாக இருக்கும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஜன்னல் இல்லாத ஓய்வறையில் ஏழெட்டுப் பேர் மாஸ்க்கைக் கழற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் நோயாளியிடம் வாங்காததைச் சகஊழியரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதும், ஜன்னல் திறப்பதும், காய்ச்சல் என்று சொன்னவருக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தருவதும் தொற்றுத் தடுப்புதான். சம்பளம் பிடித்தால் காய்ச்சலை மறைப்பார்கள்.

காட்டரி என்ற மின்கருவியால் திசுவைச் சுடும்போது வரும் புகையையும் விட்டுவிட முடியாது. உறிஞ்சும் குழாயின் வாய், சுடும் இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் புகை அதற்குள் போகும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் வயிற்றை ஊதிப் பெருக்கிய வாயுவை, குழாய்களைப் பிடுங்குவதற்கு முன் வடிகட்டி வழியாக முழுக்க வெளியேற்ற வேண்டும். வால்வைத் திறந்து அறைக்குள் ‘உஸ்’ஸென்று விடும் பழக்கம் பெருந்தொற்று இல்லாத காலத்திலும் நல்லதல்ல.

துப்புரவில் செலவு குறைவு, குழப்பம் அதிகம். ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசல் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்தால் 0.1 சதவீதம், பரப்புகளுக்கு அது போதும். ரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், அதாவது 0.5 சதவீதம். முதலில் ரத்தத்தைத் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவிய பிறகே இதை ஊற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். அன்றன்று கலக்க வேண்டும். பாத்திரத்தின் மேல் கலந்த நேரம் எழுதியிருக்க வேண்டும். அமிலக் கழிவறைத் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும். துணியால் துடைப்பதற்கு மாற்றாக மருந்தைப் புகையாகத் தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே வேண்டாம் என்றது. மருந்து படாத மறைவிடங்கள் அப்படியே இருக்கும், தெளிப்பவரின் கண்ணும் மூச்சும் கெடும்.

நோயாளிகளின் பக்கம் சொல்ல வேண்டியது முக்கியமானது. 24 நாடுகளில் அறுவையின் முன்போ பின்போ கோவிட் கண்ட 1,128 பேரை ஆராய்ந்து 2020-இல் வெளியான முடிவுகளில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம், பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய எண்கள் இவை என்பதை மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு 116 நாடுகளிலிருந்து 1,40,231 பேரின் விவரம் வந்தது. தொற்றே வராதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று உறுதியாகி ஆறு வாரம் முடிவதற்குள் அறுவை செய்தவர்களில் அது 3.6 முதல் 4.1 சதவீதம். ஏழு வாரம் கழித்துச் செய்தவர்களில் மீண்டும் 1.5-க்கே வந்துவிட்டது. ஏழு வாரத்துக்குப் பிறகும் அறிகுறி நீடித்தவர்களில் மட்டும் 6 சதவீதமாக இருந்தது. தள்ளிப்போடக்கூடிய அறுவைகளுக்கு ஏழு வாரக் காத்திருப்பு என்ற விதி இங்கிருந்து பிறந்தது. பின்னர் வைரஸ் மாறி, தடுப்பூசியும் பரவியதும் பல வழிகாட்டுதல்கள் இந்த இடைவெளியைக் குறைத்துவிட்டன. வேறொரு கிருமிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தால் போதும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஆர்டி-பிசிஆர் பற்றிய ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறிகுறி தொடங்கும் நாளில் நோய் உள்ளவர்களில் 38 சதவீதம் பேருக்கு நோயில்லை என்றே முடிவு வந்தது. மூன்று நாள் கழித்து 20 சதவீதம். தொற்றிய முதல் நாளில் பரிசோதனை எதையுமே காட்டாது. ஆகவே 72 மணிநேரத்துக்குள் எடுத்த பரிசோதனை, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்ற கேள்வி, கடைசி நாட்களில் கூட்டத்தைத் தவிர்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பயன் தரும். தொற்று நோயாளிகள் வரும் வழியும் அறுவை நோயாளிகள் வரும் வழியும், லிஃப்ட் முதல் வார்டு வரை, தனித்தனியாக இருக்க வேண்டும். வழியைப் பிரித்துவிட்டு, காலையில் அங்கே வேலை செய்த செவிலியரை மாலையில் இங்கே அனுப்பினால் பிரித்ததில் பயனில்லை.

பெருந்தொற்றின் பரபரப்பில் பழைய ஒழுக்கங்கள் நழுவுவதும் உண்டு. கீறல் போடுவதற்கு முந்தைய ஒரு மணிநேரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக், கவச உடை அணியும் தாமதத்தால் இரண்டு மணிநேரம் முன்பே போய்விடுகிறது. புண் சீழ் பிடித்தால் நோயாளி கூடுதல் நாட்கள் அதே மருத்துவமனையில், அதே காற்றில் படுத்திருக்க வேண்டும். மருந்தை வார்டில் போடாமல் அரங்கில் போடுவதே இதற்கு வழி.

குடல் அடைப்பு, வெடித்த குடல்வால், நிற்காத ரத்தப்போக்கு, சிசேரியன் ஆகியவை பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்க முடியாதவை. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு முழுப் பாதுகாப்போடு செய்துவிட வேண்டும். புற்றுநோய் அறுவைகளை ஏழு வாரம் என்ற ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. கட்டி வளரும் வேகத்தையும் நுரையீரலின் நிலையையும் சேர்த்து மருத்துவக் குழு முடிவெடுக்க வேண்டும்.

தள்ளிவைக்கப்பட்டவர்களின் நிலையையும் கவனியுங்கள். அறுவைக்கு முதல் நாள் சளி, காய்ச்சல் என்று உண்மையைச் சொல்பவருக்குத் தேதி ரத்தாகிறது. புதுத் தேதி எப்போது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து வருபவர் இதைக் கேள்விப்பட்டு மாத்திரை போட்டுக் காய்ச்சலைத் தணித்துக்கொண்டு வந்து படுப்பார். எனவே ரத்து செய்யும் அதே அழைப்பிலேயே மறு தேதியைச் சொல்ல வேண்டும். இடையில் வலியோ ரத்தப்போக்கோ கூடினால் எந்த எண்ணை அழைப்பது என்பதையும் எழுத்தில் தர வேண்டும். அந்த எண்ணை இரவிலும் ஒருவர் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறுவை அரங்கில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும்